இலவச சத்து மாத்திரை: யாருக்கு எது, எப்படிச் சாப்பிடுவது?

பல்பம் தின்னும் பிள்ளையையும், உலையில் போடும் முன் பச்சரிசியை அள்ளி மெல்லும் பெண்ணையும் வீட்டில் திட்டுவார்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் பல நேரம் இப்படித்தான் கண்டதையும் தின்னத் தோன்றும். எந்நேரமும் அசதி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, பாடத்தில் மனம் நிற்காதது எல்லாமே ரத்தசோகையால் வரலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. மூன்று வேளையும் வயிறு நிறைகிறதே என்றால், நிறைவது பெரும்பாலும் அரிசியால். கீரையும் பயறும் கறியும் தட்டில் ஓரமாகத்தான் இருக்கின்றன.

இதற்காக மத்திய அரசு 2018-இல் தொடங்கியது ‘அனீமியா முக்த் பாரத்’, அதாவது ரத்தசோகை இல்லாத பாரதம். மாநிலச் சுகாதாரத் துறைகள் வழியாக நடக்கிறது. இரும்புச்சத்தும், ரத்தம் ஊற உதவும் வைட்டமினான ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மருந்து இலவசம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி சிரப். 5 முதல் 9 வயதுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, 10 முதல் 19 வயதுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. பள்ளியில் மதிய உணவு முடிந்தபின் கொடுப்பார்கள். படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் அங்கன்வாடியில் கேட்டு வாங்கலாம். கர்ப்பிணிகளுக்கு நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு சிவப்பு மாத்திரை, குறைந்தது 180 நாள். குழந்தை பிறந்த பிறகும் இன்னொரு 180 நாள் உண்டு. இந்தப் பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குடற்புழு நீக்கும் அல்பெண்டசோலும் இதே திட்டத்தில் சேர்ந்தது. கொக்கிப்புழு குடலில் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் மாத்திரை என்ன செய்யும்?

வாங்குவது எளிது, விழுங்குவதில்தான் சிக்கல். குமட்டும், மலம் கறுத்துப் போகும். கறுப்பைக் கண்டு பயந்து அட்டையோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால் வரும் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். டீ, காபி குடித்த கையோடு போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தால் நல்லது. கர்ப்பிணிகளுக்குச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் ஒரே வாயில் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்தில் இரும்பு கலந்த சிவப்புப் பொருள்) டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் தினம் ஒரு மாத்திரை போதாது, மருத்துவர் அளவைக் கூட்டுவார். 7-க்குக் கீழே போனால் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் குழந்தைக்கு அது தீரும்வரை சிரப்பை நிறுத்திவையுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்பதால், அட்டை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டாலே கொடுப்பார்கள். இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினால் 104-க்கு அழைத்துச் சொல்லலாம்.