அறிக்கையில் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆனால் ஓடையில் உயிர் இல்லை

நீர்த்தர ஆய்வு வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான். ஓடைக் கல்லைப் புரட்டினால் மேஃபிளை என்ற நீரோடைப் பூச்சியின் லார்வா ஒன்றுகூட இல்லை, ஆய்வக அறிக்கையோ எந்தப் பூச்சிக்கொல்லியும் வரம்பைத் தாண்டவில்லை என்கிறது. உடனே "மருந்து காரணமில்லை" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

அந்த வரம்பு எங்கிருந்து வருகிறது? பல நேரம் அதன் அடிப்படை, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், ஆக்சிஜனுக்குக் குறைவில்லாத சுத்தமான நீரில் விட்டு, ஒரே ஒரு மருந்தை மட்டும் கொடுத்து 48 மணி நேரம் பார்க்கும் சோதனை. அதை நஞ்சு பாதிக்கும் அளவாகக் கிடைத்த எண்ணைப் பாதுகாப்புக்காக 100ஆல் வகுப்பதுண்டு. தாராளமாகத்தான் தெரியும். ஆனால் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை டாஃப்னியா லிட்டருக்குப் பல மில்லிகிராம் வரை தாங்கும், சில மேஃபிளை லார்வாக்கள் சில மைக்ரோகிராமிலேயே முடங்கிவிடும். இது இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு மட்டும்தான், ஓடையின் வெயிலும் பசியும் இன்னும் கணக்கில் வரவே இல்லை. அவை சேரும்போது மருந்தைத் தாங்கும் திறன் 100 மடங்கு வரை குறையலாம் என்று ஜெர்மனியின் மத்தியாஸ் லீஸ் என்ற ஆய்வாளரின் குழு 2016இல் எழுதியது. அப்படியானால் வகுத்து வைத்த இடைவெளி மொத்தமும் அதிலேயே போய்விடும்.

வெப்பத்தையே எடுத்துக்கொள்வோம். 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5தான். அதே சமயம் சூட்டில் உயிரின் தேவை கூடுகிறது, செவுள் வழியாக அதிக நீரை ஓட்டுகிறது, நஞ்சும் கூடவே உள்ளே போகிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி உடலுக்குள் போன பிறகுதான் இன்னும் கொடிய வடிவமாக மாறும், சூடு அதையும் வேகப்படுத்தும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் நேரெதிர், பூச்சிகளுக்குக் குளிரில்தான் அதிகக் கடுமை, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் போட முடியாது. அப்புறம் அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகள்: தனியாக இருந்தால் பெரிய கேடு செய்யாத அளவிலும், நஞ்சை முறிக்கும் நொதிகளைத் தடுத்து பைரித்ராய்டின் வேலையைச் சுலபமாக்கிவிடும்.

நாம் மாதிரி எடுக்கும் முறையும் சரியில்லை. தெளிப்புக்குப் பின் வரும் முதல் பெருமழையில் நஞ்சு சில மணி நேரம் உச்சத்தில் இருந்துவிட்டுக் கடந்துபோகும், மாதம் ஒருமுறை பாட்டில் நிரப்பினால் அது சிக்காது. நீர்மட்டம் ஏறும்போதே எடுங்கள். ஆக்சிஜனை நண்பகலில் அளந்து திருப்திப்பட வேண்டாம், விடியலுக்குச் சற்று முன் அளந்தால்தான் அடிமட்ட அளவு தெரியும். பைரித்ராய்டு சந்தேகம் இருந்தால் நீரோடு அடிச்சேற்றையும் ஒரு கரண்டி அள்ளி அனுப்புங்கள், அது பெரும்பாலும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.