நாள் தள்ளிப்போவதற்கு முன்பே ஒருமுறை வாருங்கள்

"டாக்டர், டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்துடுச்சு, இனிமே என்ன சாப்பிடணும், என்ன மாத்திரை போடணும்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏழாவது எட்டாவது வாரத்தில்தான் வருகிறார்கள். நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, வீட்டில் டெஸ்ட் எடுத்து, அம்மாவிடம் சொல்லி, மாமியாரிடம் சொல்லி, அப்புறம் நல்ல நாள் பார்த்துக் கிளம்பினால் அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த "இனிமே" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் குழந்தையின் மூளை, தண்டுவடம், இதயம் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போடும் வேலை அதற்குள் ஏறக்குறைய நடந்து முடிந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். அதனால் 28 நாளுக்கு ஒருமுறை சரியாக மாதவிடாய் வரும் பெண்ணுக்கு, நாள் தள்ளிப்போகும் அன்றே நாங்கள் நாலு வாரம் என்று எழுதுவோம், கரு உருவாகி உண்மையில் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். அடுத்த இரண்டு வாரத்துக்குள், அதாவது கரு உருவான 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது, 28ஆம் நாள் வாக்கில் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. தலைப் பக்கம் மூடாமல் போனால் மண்டையோடும் மூளையும் சரியாக உருவாகாது, அந்தக் குழந்தை பிழைக்காது. கீழே முதுகுப் பக்கம் மூடாமல் போனால் ஸ்பைனா பைஃபிடா, அதில் பல குழந்தைகளுக்குக் கால்கள் செயலிழக்கும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்காது. இதை நாங்கள் ஸ்கேனில் பார்ப்பது மூன்றாவது மாதத்திலோ ஐந்தாவது மாதத்திலோ. நடந்தது என்னவோ பலருக்குக் கர்ப்பமே உறுதியாகாத நாட்களில்.

இதில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பதுதான் ஆதங்கமே. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே போலிக் ஆசிட் எடுத்தபோது, அது திரும்ப வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. மற்றபடி பொதுவாக, கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆவது வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் போதும். முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அளவு கூட வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். "கீரை நிறைய சாப்பிடுறேனே" என்பார்கள், சாப்பிடுங்கள், நல்லது, ஆனால் கீரையில் இயற்கையாக உள்ள போலிக் ஆசிட்டான போலேட் வேக வைப்பதில் கணிசமாகப் போய்விடும், மாத்திரைக்கு அது ஈடாகாது. எட்டாவது வாரத்தில் தொடங்கும் போலிக் ஆசிட்டும் ரத்த உற்பத்திக்கு உதவும்தான், நரம்புக் குழாய் விஷயத்தில் மட்டும் அதற்கு இனி வேலையில்லை. சைவ உணவுக்காரர்கள் கூடவே பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது, நம் நாட்டில் அது குறைவாக இருப்பவர்கள் ஏராளம்.

சர்க்கரைக்கு வருவோம், எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தாயின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், அவளுடைய இன்சுலின் போகாது. இதயம் உருவாகும் அந்த முதல் வாரங்களில் சர்க்கரை எகிறிக் கிடந்தால் பிறவி இதயக் கோளாறும் நரம்புக் குழாய்க் குறையும் வரும் வாய்ப்பு கூடுகிறது, கருச்சிதைவும் கூடுகிறது. முதல் பிரசவத்தில் சுகர் வந்து, இன்சுலின் போட்டு, பிள்ளை பிறந்ததும் "சுகர் போயிடுச்சு" என்று விட்டுவிட்டு, ஆறாவது வாரத்தில் எடுக்க வேண்டிய டெஸ்டும் எடுக்காமல், மூன்று வருடம் கழித்து இரண்டாவது கர்ப்பத்தோடு வந்து நிற்கும்போதுதான் நடுவில் அது நிரந்தரச் சர்க்கரை நோயாகிவிட்டது தெரியவரும். இந்தக் கதையை என் அறையில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிக்கலாம். 10க்கு மேலே இருந்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள், கருத்தடையைத் தொடரச் சொல்லித்தான் அனுப்புவேன். பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுதல், மாதவிடாய் ஒழுங்காக வராததால் கர்ப்பம் தெரியவே பத்து வாரம் ஆகிவிடுவதும் உண்டு.

அடுத்து யாரும் வாய் திறந்து பேசாத ஒன்று, வலிப்பு. பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் செய்துவிடுகிறார்கள், அந்தப் பெண் மாமியார் கண்ணில் பட்டுவிடுமோ என்று மாத்திரையை ஒளித்து வைத்துப் போடுவாள், இல்லையென்றால் நிறுத்தியே விடுவாள். இரண்டுமே ஆபத்து. வால்புரோயேட் என்ற மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் எடுக்கும் தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறை வருகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஓர் ஆய்வில், இந்த மாத்திரையின் தாக்கம் பட்ட குழந்தைகளின் ஐக்யூ 6 வயதில், மற்ற வலிப்பு மாத்திரைகளின் தாக்கம் பட்ட குழந்தைகளைவிட 8 முதல் 11 புள்ளிகள் குறைவாக இருந்தது. பார்க்க எந்தக் குறையும் இல்லாமல் பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும். லெவெடிரசிட்டம், லாமோட்ரிஜின் போன்ற பாதுகாப்பான மாற்றுகள் இருக்கின்றன, ஆனால் ஒன்றைக் குறைத்து இன்னொன்றை ஏற்ற மாதக்கணக்கில் ஆகும். கர்ப்பமான பிறகு அந்த அவகாசம் எங்கே இருக்கிறது? தயவுசெய்து நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தி வரும் வலிப்பு தாயின் உயிருக்கே உலை.

தைராய்டு: முதல் 12 வாரம் போலக் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனான தைராக்சினையே நம்பியிருக்கிறது, மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும், அதனால் முன்பே அளவைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மை: கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வந்தால் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போட முடியாது, போட்ட பிறகு ஒரு மாதம் இடைவெளி வேண்டும். 2017ல் தமிழ்நாட்டில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு மொத்தமாக இந்த ஊசி போட்டார்கள். அப்போதே அந்த வயதைத் தாண்டியிருந்தவர்கள் தமக்கு எப்போதாவது போட்டிருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரத்தச்சோகையைச் சொல்லாமல் விட முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. பாதிக்கு மேல்! 8 கிராம் ஹீமோகுளோபினோடு கர்ப்பத்தைத் தொடங்கி, வாந்தியும் குமட்டலுமாக இருக்கும் நாளில் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கச் சொன்னால் எந்தப் பெண்ணால் முடியும்? முன்பே மூன்று மாதம் போட்டிருந்தால் 12ஐத் தொட்டிருக்கலாம். உணவுக்கும் இதே கதைதான். மும்பையின் குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த தின்பண்டத்தைத் தினமும் கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். கருத்தரிப்பதற்கு மூன்று மாதமாவது முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்பு எடை சற்றுக் கூடியிருந்தது. இதிலும் மிகவும் ஒல்லியாக இருந்த பெண்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பில் ஐந்து வகைச் சாதம் ஊட்டுகிறோம், கல்யாணமான புதிதில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் அதே பெண்ணை யாரும் கவனிப்பதில்லை.

அரசுத் திட்டங்களும் கர்ப்பத்தைப் பதிவு செய்வதிலிருந்துதான் தொடங்குகின்றன. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதியச் சொல்கிறார்கள், அதனால் பெண்கள் சீக்கிரம் வருகிறார்கள் என்பது உண்மை, அதைப் பாராட்டுகிறேன். ஆனாலும் அது நான் மேலே சொன்ன 28 நாளுக்குப் பிந்திய சங்கதி.

சரி, எப்போது வருவது? குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு மூன்று மாதம் முன்பு. "கல்யாணமாகி மூணு மாசமாச்சே, விசேஷம் இல்லையா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு டாக்டர் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் என்று என் மேல் பழியைப் போடுங்கள். கணவரும் கூட வரட்டும், சிகரெட் இருந்தால் நிறுத்த வேண்டியது அவர், அவர் விடும் புகையும் உங்களுக்குள்தான் போகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் போன்றவற்றுக்கான சில டெஸ்டுகளை இருவருக்கும் பார்க்க வேண்டியிருக்கலாம். வீட்டில் நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வாருங்கள், பிரஷருக்கு, தலைவலிக்கு, நாட்டு மருந்து, லேகியம் உட்பட. முகப்பருவுக்குத் தோல் டாக்டர் ஐசோட்ரெடினாயின் கொடுத்திருந்தால் அந்த அட்டையை மறக்கவே மறக்காதீர்கள், அதை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதமாவது கழிந்த பிறகுதான் கருத்தரிக்க வேண்டும்.