ஜனவரியில் மட்டும் திறக்கும் லேப்

பிளஸ் டூ வேதியியலில் செய்முறைக்கென்று தனி மதிப்பெண் உண்டு. அது எப்படியும் வந்துவிடும் என்ற தைரியத்தில், வருடம் முழுக்க நீட் கேள்விகளைப் போட்டுத் தேய்த்துவிட்டு, பிராக்டிகல் தேதி வந்த பிறகுதான் லேப் பூட்டைத் திறக்கிற பள்ளிகள் உண்டு. "ஆசிட் எல்லாம் பிள்ளைங்க கையில எதுக்கு சார், டீச்சரே செஞ்சு காட்டிடலாமே" என்று கேட்கிற பெற்றோரும் உண்டு. வேதியியல் முதுகலை ஆசிரியராக நான் சொல்வது: லேப்பைப் பூட்டி வைப்பதால் ஆபத்து குறைவதில்லை. அத்தனையும் சேர்ந்து அந்தக் கடைசி மூன்று வாரத்தில் வந்து நிற்கிறது.

கரைசலை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 மி.லி. கரைசலை வாயால் உறிஞ்சி எடுப்பதுதான் இன்றும் பல பள்ளிகளில் பழக்கம். பீக்கரில் கரைசல் குறைவாக இருக்கும். மாணவனின் கண் மேலே உள்ள அளவுக்கோட்டில் இருக்கும். கீழே பிப்பெட்டின் நுனி கரைசலை விட்டு வெளியே வந்திருப்பதை அவன் கவனிக்க மாட்டான். அந்த நொடி காற்று உள்ளே புகும், உள்ளிருக்கும் கரைசல் விருட்டென்று வாய்க்குள் ஏறிவிடும். உள்ளே இருப்பது ஆக்ஸாலிக் அமிலமாக இருக்கலாம். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் நச்சு, சிறுநீரகத்தைப் பாதிக்கும். இதைத் தவிர்க்க, பிப்பெட்டின் மேல்முனையில் மாட்டிக் கரைசலை உறிஞ்சும் ஒரு ரப்பர் பல்ப் போதும். பெரிய விலையும் இல்லை. ஆனால் பல்பைப் பிடித்து அளவுக்கோட்டில் நிறுத்தக் கை பழக வேண்டும். ஜூலையில் வெறும் தண்ணீரை வைத்துப் பழகிய பிள்ளைக்கு அது இயல்பாக வரும். தேர்வுக்கு முந்தின வாரம் முதல்முறை தொடுகிற பிள்ளை "இது சரிப்படாது" என்று பல்பைக் கழற்றிவிட்டு வாயை வைத்துவிடும்.

ஒரு கரைசலின் செறிவைப் பெர்மாங்கனேட்டை வைத்து அளக்கும் தரம்பார்த்தலிலும் இதே கதைதான். குடுவையில் இருக்கும் ஆக்ஸாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுகளின் நிறம் மறையக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிறகு உருவாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்திவிடும். இதைக் கண்ணால் பார்த்தவன் பொறுமையாக நிற்பான். பார்க்காதவன் பதற்றத்தில் அமிலம் போதவில்லையோ என்று மறுபடி பாட்டிலைத் தேடுவான். நீர்த்த அமிலமும் அடர் அமிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். லேபிள் பாதி அரித்துப் போயிருக்கும். சூடான குடுவையில் அடர் கந்தக அமிலம் விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பெர்மாங்கனேட் தூளும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தால் இன்னும் மோசம். வெடிக்கக்கூடிய மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு உருவாகும். அடர் அமில பாட்டில்கள் மாணவர் மேசையில் இருக்கவே கூடாது. ஆசிரியர் மேசையில் இருக்கட்டும், கேட்டு வாங்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மத்தைக் கண்டறியும் சோதனைக்கு, வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்ந்த டாலன்ஸ் வினைக்காரணி தயாரிக்கிறோம். சோதனைக் குழாயில் வெள்ளி முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளவென்று படிவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. ஆனால் அடுத்த பேட்சுக்கு ஆகட்டும் என்று மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள். வைத்திருக்க வைத்திருக்க, அதில் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளி நைட்ரைடு உண்டாகும். காய்ந்து போனால் லேசாக அசைத்தாலே வெடிக்கலாம். வேண்டியதை மட்டும் புதிதாகத் தயாரியுங்கள். மீந்ததை அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

உடை விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போட வேண்டும், பின்னலை மடித்துக் கட்ட வேண்டும், காலை மூடிய செருப்பு வேண்டும். கண்ணாடி என்று கேட்டால்தான் பல பள்ளிகள் கையை விரிக்கின்றன. லேப் கோட்டுக்குக் காசு வாங்குகிறவர்கள் அதோடு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் கேட்பதோடு, இந்த மாதம் லேப் எத்தனை முறை நடந்தது என்றும் கேளுங்கள். ரெக்கார்டு நோட்டு இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். லேப் வாசலை மிதிக்காமலே அதை எழுதி முடித்துவிட முடியும்.

கண்ணில் எது தெறித்தாலும், அமிலமோ காரமோ, உடனே இமையை விரித்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். காரம் பட்டால் வலி குறைவாகத் தெரியலாம். ஆனால் கண்ணுக்குள் ஆழமாக இறங்குவது அதுதான். ஒன்றை முறிக்க இன்னொன்று என்று அமிலத்துக்குச் சோடா மாவு, காரத்துக்கு எலுமிச்சை எதையும் கண்ணில் விடக் கூடாது. வாய்க்குள் போயிருந்தால் துப்பிவிட்டுக் கொப்பளிக்கட்டும், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.