முழங்கால் வலிக்கு எவ்வளவு உடற்பயிற்சி?

முழங்கால் வலிக்கிறது என்று வரும் முதியவரிடம் "தினமும் கொஞ்சம் நடங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது, மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று சொல்லாமல் விடுவதற்குச் சமம். மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியே முதல்நிலைச் சிகிச்சை என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி உட்படப் பல வழிகாட்டிகள் கூறுகின்றன. ஆனால், அதன் அளவை ஆளுக்கேற்பத் தீர்மானிப்பதில்தான் இயன்முறை சிகிச்சையாளரின் திறமை இருக்கிறது.

தேய்ந்த மூட்டை அசைத்தால் மேலும் தேயும் என்ற அச்சம் பலரை நாற்காலியிலேயே முடக்கிவிடுகிறது. உண்மையில் மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் ரத்த நாளங்கள் இல்லை; காலை ஊன்றும்போது அழுந்தியும் எடுக்கும்போது விரிந்தும்தான் அது மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. அதற்காக, இழந்த குருத்தெலும்பு பயிற்சியால் மீண்டும் வளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மூட்டில் நீர் கோத்துக்கொள்ளும்போது, அங்கிருந்து முதுகுத்தண்டுக்குச் செல்லும் நரம்புச் செய்திகள் தொடையின் முன்பக்கத் தசையை முழு விசையுடன் சுருங்கவிடாமல் தடுக்கின்றன. தசை மெலிய மெலிய, படியிறங்கும்போது உடலின் எடையைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் போகிறது. மின்தூக்கி பழுதடைந்த நாளில் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு, ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை.

அளவை எப்படி முடிவு செய்வது? கைகளை மார்பின் மீது கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு, ஒரு பயிற்சியை 8 முதல் 12 முறை செய்யும்போது கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இருக்கும்படி சுமை அமைக்கப்படும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஓய்வு நாளுடன். சுலபமாக முடிந்துவிடும் பயிற்சியால் தசை வலுப்பெறாது என்பதைச் சிலர் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை.

வலியே வரக்கூடாது என்பதும் தவறான எதிர்பார்ப்பு. பூஜ்யம் முதல் 10 வரையிலான அளவுகோலில் 5 வரை வலித்தாலும், மறுநாளுக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பினால் சுமை சரியானது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. திரும்பாவிட்டால் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை; பயிற்சியில் ஏறி இறங்கும் படியின் உயரத்தையோ முறைகளின் எண்ணிக்கையையோ குறைத்தால் போதும். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இலக்கும் மருந்துச்சீட்டின் ஒரு பகுதிதான். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் ஏந்தி நடக்க விரும்பும் அம்மாவுக்கு, தீபாவளிக்கு முன்பே தசைப் பயிற்சியைத் தொடங்கி, சமதரையில் 10 நிமிட நடையிலிருந்து படிப்படியாகக் கூட்டி, கடைசி வாரங்களில் மெதுவாக நகரும் வரிசையில் நெடுநேரம் நிற்பதற்கும் பழக்க வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும் என்பதால், மார்கழியில் வந்து கேட்பவருக்கு அந்த ஆண்டு பாதி வழியிலிருந்து சேர்ந்துகொள்ளச் சொல்வதே நேர்மையான பதில்.