ரெஜிஸ்தா: பிர்லோவுக்குத் தமிழில் என்ன பெயர்?

இத்தாலியக் கால்பந்து வீரர் ஆந்திரேயா பிர்லோவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே ஒரு சொல் இடறும். இத்தாலியர்கள் அவரை ரெஜிஸ்தா என்பார்கள். 'நடுக்கள வீரர்' என்று எழுதிவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் ஏசி மிலான் அணியில் அவருக்குப் பக்கத்தில் ஆடிய கத்தூசோவும் நடுக்கள வீரர்தான். கத்தூசோவின் வேலை எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவது. பிர்லோவின் வேலை அந்தப் பந்து அடுத்து யாரிடம், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது. சமைப்பவரையும் பரிமாறுபவரையும் சேர்த்து 'ஹோட்டல்காரர்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் 'ரெஜிஸ்டா' என்று எழுதுகிறார்கள். இத்தாலிய மொழியில் அந்த இடத்தில் நாக்கு பல்லைத் தொடும், நம் தகரம்தான். பாஸ்தாவைப் பாஸ்தா என்று எழுதுகிறோம் அல்லவா, அப்படியே இதுவும் ரெஜிஸ்தா.

இத்தாலியில் தெருவில் போகிற ஒருவரிடம் ரெஜிஸ்தா என்றால் யார் என்று கேட்டால், சினிமாவோ நாடகமோ இயக்குபவர் என்றுதான் சொல்வார். ஃபெலினி ஒரு ரெஜிஸ்தா. கால்பந்துப் பொருள் அதிலிருந்து கிளைத்தது: தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நின்றுகொண்டு, பந்தைப் பிரித்துக் கொடுத்து, மொத்த அணியையும் நடத்துகிறவர். பிர்லோவுக்கு முன் மிலானில் தெமெத்ரியோ அல்பெர்தினி இந்த வேலையைப் பார்த்தார். ஆனால் இத்தாலிக்கு வெளியே இந்தச் சொல்லை இவ்வளவு பேர் வாயில் வரவைத்தது பிர்லோதான்.

இந்தச் சொல்லின் பிறப்பில் நமக்கு ரொம்பப் பழக்கமான ஒரு கதை இருக்கிறது. அது பழைய சொல்லே இல்லை. 1930 வாக்கில் இத்தாலிய நாடகக்காரர்கள் 'ரெஜிஸர்' என்ற பிரெஞ்சுச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். முசோலினி ஆட்சிக்காலம், பிறமொழிச் சொற்களை வெளியேற்றும் முனைப்பு கூடிக்கொண்டிருந்தது. 1932இல் புரூனோ மிலியோரினி என்ற மொழியறிஞர் அதற்கு மாற்றாக 'ரெஜிஸ்தா' என்று முன்மொழிந்தார். காரோட்டிக்கு வழங்கிய 'ஷோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பதில் 'அவுதிஸ்தா' கொடுத்ததும் அவரே. இரண்டும் நிலைத்துவிட்டன. இன்று அவை ஆக்கிய சொற்கள் என்றே இத்தாலியில் பலருக்கும் தோன்றாது.

நம் பக்கம் திரும்பினால் டைரக்டர் இயக்குநர் ஆனார், டிரைவர் ஓட்டுநர் ஆனார். அங்கே ஒரே ஆள் தந்த அதே ஜோடி! அங்கே 'இஸ்தா' என்ற விகுதி (காபி போடும் 'பரிஸ்தா'விலும் இருப்பது), இங்கே 'நர்'. பள்ளியில் கடிதம் எழுதப் பழகியபோது அனுப்புநர், பெறுநர் என்று போட்டோமே, அதே நர். அதனால்தான் 'இயக்குனர்' என்பது பிழை. சினிமா போஸ்டர்கள் இதைக் கேட்காது, சரி.

வேருக்குப் போனால் லத்தீனில் 'ரெகெரே': நேராக்கு, நேர்வழியில் செலுத்து, ஆள். அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' இதன் உறவு. நேராக இருப்பதற்கும் ஆள்வதற்கும் முடிச்சுப் போடுவது நமக்கும் புதிதல்ல. செங்கோல் என்றால் வளையாத கோல்.

இனி மனிதர். பிர்லோ 1979 மே 19 அன்று பிரெஷா மாவட்டத்தில் ஃப்ளேரோ என்ற ஊரில் பிறந்தார். 1995இல், 16 வயதில், பிரெஷா அணிக்காக முதல் பிரிவில் ஆடிவிட்டார். அப்போது அவர் ரெஜிஸ்தா இல்லை, 'த்ரேக்வார்த்திஸ்தா'. 'த்ரே குவார்த்தி' என்றால் முக்கால். மைதானத்தில் முக்கால் தூரம் ஏறி, முன்கள வீரர்களுக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர். (இதற்குத் தமிழில் 'முக்கால்காரர்' என்று வைத்தால் சிரிப்பார்கள். ஆனால் பொருள் அச்சு அசல் அதுதான்.) 1998இல் இன்டர் அணிக்குப் போனார். அங்கே சரியாக இடம் கிடைக்கவில்லை. ஒரு பருவம் ரெஜீனா அணிக்கு இரவல், 2001 தொடக்கத்தில் மறுபடி பிரெஷாவுக்கே இரவல்.

திருப்பம் அங்கேதான். பிரெஷாவின் முக்கால் இடத்தில் இத்தாலியின் நட்சத்திர வீரர் ரொபெர்த்தோ பாஜியோ நிற்கிறார். அவரை யார் நகர்த்த முடியும்? பயிற்சியாளர் கார்லோ மாத்ஸோனே இளையவரைப் பின்னால் இறக்கினார். 2001 ஏப்ரல் 1, தூரினில் யுவெந்தஸுக்கு எதிரான ஆட்டம். நடுக்களத்திலிருந்து பிர்லோ ஒரு நீண்ட பந்தைத் தூக்கிவிடுகிறார். தற்காப்பு வீரர்களின் தலைக்கு மேலாகப் போய் அது பாஜியோவின் காலில் இறங்குகிறது. ஒரே தொடுதலில் கோல்காப்பாளர் வான் டெர் சாரைக் கடந்து, காலி வலைக்குள் தள்ளுகிறார் பாஜியோ. ஆட்டம் 1-1. கோல் பாஜியோவின் பெயரில்தான் பேசப்படுகிறது. சொல் விளக்கம் எழுதுகிறவனுக்கு அந்தப் பாஸ்தான் முக்கியம்: பின்னால் நிற்பவருக்கு மொத்த மைதானமும் கண்முன்னே விரிகிறது.

அந்த ஆண்டே மிலானுக்கு வந்தார். கார்லோ அன்செலோட்டி (அவரும் மிலானின் நடுக்களத்தில் ஆடியவர்தான்) இந்தப் பின்னிடத்தையே அவருக்கு நிரந்தரமாக்கினார். 2003, 2007 என இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். நடுவில் 2005 இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் மிலானின் 3-0 முன்னிலை கரைந்து, பெனால்டியில் பிர்லோ அடித்ததை எதிரணிக் கோல்காப்பாளர் தூதெக் தடுத்து, கோப்பை லிவர்பூலுக்குப் போனது.

ரெஜிஸ்தா என்ற சொல்லை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் 2006 உலகக் கோப்பை அரையிறுதியின் 119ஆவது நிமிடத்தைக் காட்டுவேன். டோர்ட்முண்டில் ஜெர்மனிக்கு எதிராக 0-0. கார்னரிலிருந்து திரும்பிய பந்து பெனால்டி எல்லைக்கு வெளியே பிர்லோவின் காலுக்கு வருகிறது. யாராக இருந்தாலும் கோலை நோக்கி ஓங்கி அடித்திருப்பார்கள். இவர் அடிக்கவில்லை. பந்தை மெல்ல வலப்பக்கமாக உருட்டிக்கொண்டே போகிறார். ஜெர்மன் வீரர்கள் அவரோடு சேர்ந்தே நகர்கிறார்கள். அப்புறம், சக வீரர் கிரோஸோ நிற்கும் பக்கம் பார்க்காமலே, கால்களுக்கு நடுவே ஒரு பாஸ். கிரோஸோ இடக்காலால் வளைத்து அடித்தார். கோல். பெர்லினில் நடந்த இறுதியாட்டத்தின் சிறந்த வீரரும் பிர்லோதான்.

2011இல் மிலான் அவரைப் போகவிட்டது. யுவெந்தஸ் ஒரு காசு மாற்றுத்தொகை தராமல் எடுத்துக்கொண்டு, அவரோடு தொடர்ந்து நான்கு லீக் பட்டம் வென்றது. இத்தாலிக்காக 116 ஆட்டம், கடைசியில் நியூயார்க் அணி, 2017இல் ஓய்வு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சூத்திரதாரி' என்று ஒருவர் சொல்லக்கூடும். நூலைப் பிடித்து ஆட்டுபவர், பொருள் பொருத்தம்தான். ஆனால் இன்றைய செய்தித்தாளில் அந்தச் சொல் குண்டுவெடிப்புச் செய்தியில்தான் வருகிறது. 'நெறியாளர்' லத்தீன் வேருக்கு நெருக்கம். கேட்டவுடன் தொலைக்காட்சி விவாதமும் முனைவர் பட்ட ஆய்வும் நினைவுக்கு வந்துவிடும். கூத்தின் கட்டியங்காரனை எனக்குப் பிடிக்கும், ஆட்டத்துக்குள் நின்றபடியே ஆட்டத்தை நகர்த்துகிறவன். என்ன செய்ய, அவன் வாய் ஓயாது. பிர்லோ வாயே திறக்காதவர்.

என் வாக்கு 'இயக்குநர்' என்பதற்கே. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. அடங்கு, அடக்கு, மயங்கு, மயக்கு, இயங்கு, இயக்கு. மெல்லெழுத்து வல்லெழுத்தானால் செயல் தன்னிடமிருந்து பிறரிடம் போய்விடும். பந்தைப் பிரித்துக் கொடுத்தே மற்ற பத்துப் பேரை ஓடவைத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. முதல் முறை 'ஆட்ட இயக்குநர்' என்று எழுதிவிட்டு, பிறகு வெறும் 'இயக்குநர்' போதும். இத்தாலியர்களே சினிமாவுக்கும் மைதானத்துக்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: 2020க்குப் பிந்தைய பிர்லோவுக்கு இந்தச் சொல்லைப் போடக்கூடாது. அந்த ஜூலை 30 அன்று யுவெந்தஸின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். ஒரு ஆட்டம்கூட நடத்துவதற்குள், ஆகஸ்ட் 8 அன்று முதன்மை அணியே கைக்கு வந்தது. இத்தாலிய சூப்பர் கோப்பையும் இத்தாலியக் கோப்பையும் வென்றார். ஆனால் ஒன்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்த லீக் பட்டம் போய் நான்காம் இடம். 2021 மே மாதம் வேலை போனது. பிறகு துருக்கியின் ஃபாதிஹ் கரகும்ருக், அதன்பின் இரண்டாம் பிரிவில் சம்ப்தோரியா. அங்கிருந்தும் 2024 ஆகஸ்டில் நீக்கினார்கள்.

கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கு இத்தாலியச் சொல் 'அல்லெனதோரே'. 'லேனா' என்றால் மூச்சு, நம் பேச்சில் 'தம்'. ஆட்டக்காரர்களுக்குத் தம் ஏற்றுபவர். தமிழில் பயிற்சியாளர் என்பதே போதும், மேலாளர் என்றால் வங்கிதான் கண்ணில் வரும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் சொல்லும் 'மேனேஜர்' குதிரையைக் கையாளுவதைக் குறித்த 'மனேஜ்ஜாரே' என்ற இத்தாலிய வினையின் வழியில் வந்தது. இத்தாலிய ஆட்டக்காரர்களோ தங்கள் பயிற்சியாளரை ஆங்கிலத்தில் 'மிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். 1912இல் ஜெனோவா அணிக்கு வந்த வில்லியம் கார்பட் என்ற ஆங்கிலேயரிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். பிர்லோவோடு தோளுரசி ஆடிய பூஃபோன், கியெல்லினி, போனூச்சி மூவரும் அந்த ஒரு பருவம் அவரிடமே பயிற்சி பெற்றார்கள். பழைய இயக்குநர் அவர்களுக்கு மிஸ்டர் ஆனது அப்படித்தான்.