சாயம் இறங்கிய கோப்பையும் எஞ்சின் பீங்கானும்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் அம்மா தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கும் பீங்கான் கோப்பை ஒன்று இருக்கிறது. என்றோ பீலிக் கல்லில் இடிபட்டது. அன்றைக்குப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. ஒரு மாதம் தேத்தண்ணி ஊற்றிக் குடித்த பிறகு சாயம் இறங்கி, மயிரிழைபோல ஒரு பழுப்புக் கோடு வெளியே வந்தது.

நான் வேலை செய்வது விமான எஞ்சினுக்கான பீங்கான் கூட்டுப்பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில். லீவில் வந்தால் எனக்குத் தேத்தண்ணி அந்தக் கோப்பையில்தான்.

விமானத்தில் பீங்கானா என்று ஊரில் சிரிக்கிறார்கள். 2016 முதல் சேவையில் இருக்கும் லீப் எஞ்சினில், சூடான வாயு சுழற்றும் முதல் டர்பைன் சக்கரத்தைச் சுற்றியுள்ள வளையம் இந்தப் பீங்கானால் ஆனது. ஏ320 நியோ விமானங்கள் பலவற்றில் அந்த எஞ்சின்தான் ஓடுகிறது. சிலிக்கன் காபைட்டு நார்களைச் சிலிக்கன் காபைட்டுக்குள்ளேயே புதைத்த பொருள். வழக்கமாக அங்கே போடும் நிக்கல் கலப்புலோகத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 1,300 பாகை செல்சியசு அளவு சூட்டையும் தாங்கும்.

கோப்பைபோல இது சட்டென்று உடையாததற்குக் காரணம், ஒவ்வொரு நார்மீதும் இருக்கும் மிக மெல்லிய போரன் நைத்திரைட்டுப் பூச்சு. ஓடிவரும் விரிசல் நாரைத் தொட்டதும் அந்தப் பூச்சில் வழுக்கித் திசை திரும்பிவிடும். நார் அறாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் அடிபட்ட தகட்டை அறைச் சூட்டில் இழுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அறுந்த நார்களின் அளவுக்கே பலம் குறைந்திருக்கும். நல்ல எண்தான் வரும். அதை நம்பித்தான் ஏமாறுகிறோம்.

சூட்டில் கதை வேறு. 600 முதல் 900 பாகை வரை, விரிசல் வழியே ஒட்சிசனும் நீராவியும் இறங்கிப் பூச்சை அரித்துவிடும். அந்த இடத்தில் கண்ணாடிபோல ஒரு பொருள் உருவாகி நாரை ஒட்டிப் பிடித்துவிடும். வழுக்க வேண்டிய இடம் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் விரிசல் நாரையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும். இன்னும் சூடேறினால் சிலிக்கா திரண்டு விரிசலின் வாயை அடைப்பதும் உண்டு. அந்த வகையில் நடுத்தரச் சூடுதான் பொல்லாதது.

பயிற்சிக் காலத்தில் நான் செய்த காரியம் ஒன்று. மாதிரித் தகட்டின்மீது ஸ்பேனர் நழுவி விழுந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. சேர் ஏசுவார் என்று வாயைத் திறக்கவில்லை. மற்றத் தகடுகள் நாள்கணக்காகச் சுமந்த பாரத்தை, 800 பாகை உலையில் இது ஓர் இரவுகூடச் சுமக்கவில்லை. நல்ல தகட்டை இழுத்து முறித்தால், முறிந்த முகத்தில் நார்கள் தேய்ந்த விளக்குமாறுபோல நீட்டிக்கொண்டு நிற்கும். இதன் முகம் ஸ்பேனர் விழுந்த பக்கமெல்லாம் கண்ணாடி வெட்டியதுபோல மட்டமாக இருந்தது.

சட்டி வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதுபோல, விமானக் கூட்டுப்பொருளையும் நாணயத்தால் தட்டிப் பார்ப்பதுண்டு. உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். மெல்லிய விரிசலுக்கு அது போதாது. எக்ஸ்ரே, வெப்பப்படம், மின்தடை அளவீடு என்று போகவேண்டும். (விரிசல் கூடக்கூட மின்தடையும் ஏறும். எனக்குப் பிடித்த முறை அதுதான்.) எந்த முறையானாலும், அடிபட்ட இடத்தை யாராவது சொன்னால்தான் அங்கே தேடலாம்.

இந்த லீவில் அக்கா மகன் வந்திருந்தான். விமானப் பராமரிப்புப் படிக்கப் போகிறவன்.

"பார்த்தா ஒன்னுமே தெரியலன்னாலும் எழுதி வைக்கணுமா மாமா?"

"எழுதணும்டா. என்ன விழுந்துச்சு, எந்த இடத்துல, எவ்வளவு உயரத்துலருந்து, எல்லாம்."

போனில் இருந்த இரண்டு முறிவுப் படங்களைக் காட்டி, இதில் எது நல்ல தகடு என்று கேட்டேன். மட்டமாக, சுத்தமாக முறிந்திருந்ததில்தான் விரலை வைத்தான்.