சிவப்புக் கோட்டில் இருக்கிற தங்கம்

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம். தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டப் போகிற மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு அப்பா எங்கள் ஆய்வுகூட ஜன்னலுக்கு வந்தார். பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் இரண்டும் சிவப்பு. அப்பா கையில் வெளியே எடுத்த ரிப்போர்ட்: எலிக்காய்ச்சல், நெகட்டிவ்.

"இல்லைன்னு போட்டிருக்கே மிஸ், அப்புறம் எதுக்கு வார்ட்ல படுக்கச் சொல்றாங்க?"

நியாயமான கேள்விதான். அந்த ரிப்போர்ட்டுக்குப் பயன்படுத்திய டெஸ்ட் ஸ்ட்ரிப் தேடியது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியை. அது கண்ணில் படும் அளவுக்குச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளில் கோடு விழாததில் ஆச்சரியம் இல்லை. அந்த நாட்களில் இரத்தத்தில் ஓடுவது கிருமியேதான். அதன் டிஎன்ஏயைத் தேடினால் பிடிபட வாய்ப்பு உண்டு. டொக்டர் ரிப்போர்ட்டை நம்பி உட்காராமல் மருந்தைத் தொடங்கியது சரி.

அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு பழைய டெஸ்ட் கிட்டைக் காட்டினேன். "இந்தச் சிவப்புக் கோடு என்னன்னு தெரியுமா? தங்கம்." கிட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அடகு வைக்கலாமா?"

வைக்க முடியாது. கர்ப்பப் பரிசோதனை, டெங்கு என்று நாம் பார்க்கும் ஸ்ட்ரிப்களில் பெரும்பாலானவற்றில் நிறம் தருவது தங்க நனோ துணிக்கைகள். ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. கழுத்தில் கிடந்தால் மஞ்சள், இந்த அளவுக்குப் பொடியானால் சிவப்பு. துணிக்கைகள் ஒன்றோடொன்று நெருங்கினால் நிறம் ஊதாவாக, நீலமாக மாறிவிடும்.

படிக்கிற காலத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிற்றேற்றை (எலுமிச்சைப் புளிப்பிலிருந்து வரும் உப்பு) ஊற்றினால், சில நிமிடத்தில் பீட்ரூட் அவித்த தண்ணீர் மாதிரி சிவந்து வரும். பார்க்க அவ்வளவு அழகு. அதைச் சரியாகக் கழுவாத ஒரு முகவையில் ஊற்றினேன். அடியில் ஒட்டியிருந்த கொஞ்சம் உப்பு போதும், கண் முன்னாலேயே எல்லாம் சாம்பல் நீலமாகிப் போனது. உப்பு பட்டதும் துணிக்கைகள் ஒன்றையொன்று விலக்கும் சக்தியை இழந்து ஒட்டிக்கொண்டன.

அன்று எனக்குத் தொல்லையாகப் பட்ட அந்த நிறமாற்றத்தைத்தான் சிலர் கருவியாக்கினார்கள். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின், ரொபர்ட் லெட்சிங்கர் குழுவினர் 1996இல் தங்கத் துணிக்கைகளில் சிறு டிஎன்ஏ இழைகளைக் கந்தகத்தால் கட்டினார்கள். தேடும் மரபணு இருந்தால், அதன் ஒரு பாதியை ஒரு துணிக்கையின் இழை பிடிக்கும், மறுபாதியை இன்னொன்றின் இழை பிடிக்கும். இப்படிப் பல சேர்ந்து பின்னிக்கொள்ள, சிவப்பு நீலமாகும். சூடாக்கினால் கட்டு அவிழ்ந்து மறுபடி சிவப்பு. இழையில் ஒரே ஒரு எழுத்து பொருந்தாவிட்டாலும் குறைந்த சூட்டிலேயே அவிழ்ந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 2000இல் அதே குழு தங்கத்தின் மேல் வெள்ளி படியவைத்து, இன்னும் மிகக் குறைந்த அளவையும் காணும்படி செய்தது.

சரி, அப்படியானால் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஏன் இது இல்லை? வெறும் கண்ணுக்கு நிறம் மாறித் தெரிய, மரபணுப் பிரதிகள் கோடிக்கணக்கில் வேண்டும். நோயாளியின் ஒரு துளி இரத்தத்தில் சில நூறுதான் இருக்கலாம். அதனால் முதலில் பெருக்க வேண்டும், அதற்கு பிசிஆர் (மரபணுவைப் பல மடங்கு பிரதி எடுக்கும் முறை) போன்ற வழி வேண்டும். போதாததற்கு இரத்தத்தில் உள்ள புரதம் போன்றவை இடையில் புகுந்து முடிவைக் குழப்பிவிடும். மரபணுவைப் பிரித்துச் சுத்தமாக்காமல் தங்கத்திடம் கொடுக்க முடியாது. ஆகவே "நனோ டெஸ்ட், வீட்டிலேயே எல்லா நோயும் தெரியும்" என்று யாராவது விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். இரத்தம் கொடுக்க வரும்போது காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்று சரியாகச் சொல்லுங்கள். "ரெண்டு மூணு நாளா" என்பது போதாது. எந்த டெஸ்ட் எடுப்பது, நெகட்டிவ் வந்தால் எவ்வளவு நம்புவது எல்லாம் அந்த நாளில்தான் தொங்குகிறது. கான், சேறு, வயல் என்று இறங்கும் வேலை என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் முற்காப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

அப்பா விரல் விட்டு எண்ணினார். சம்பளம் போட்ட மறுநாள் இரவு குளிர் நடுக்கம் எடுத்ததாம். அப்படியானால் நான்காம் நாள், மூன்று அல்ல. படிவத்தில் மூன்றை வெட்டி நான்கு என்று எழுதி, குழாயை ஐஸ் பெட்டியில் வைத்தேன். கொழும்புக்குப் போகும் வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.